அம்மிக்கு யாரும் தேதி குறிக்கலை

அவையோருக்கு வணக்கம். நடுவர் ஐயாவுக்கு வணக்கம். எதிரணிக்கும் வணக்கம். 8 நிமிஷம்தான் கொடுத்திருக்காங்க, அதனால வணக்கம் அவ்வளவுதான்.

"புதுப்புதுச் செயலிகளும் கருவிகளும் நம்ம வாழ்க்கையை எளிதாக்கினவா, சிக்கலாக்கினவா?" சிக்கலாக்கினவேன்னு பேச வந்திருக்கேன். 22 வருஷமா இதே சிவகாசியில டி.டி.பி. சென்டர் நடத்துறேன். இந்தப் பந்தல்ல இருக்கிற பல பேரோட கல்யாணப் பத்திரிகை இந்த விரல் அடிச்சதுதான். அந்தா, மூணாவது வரிசையில ஓர் அண்ணன் சிரிக்கிறார். அவர் பத்திரிகையில தாய்மாமன் பேர் வரிசையை ஏழு தடவை மாத்தினோம். எனக்கு இன்னும் மனப்பாடம். சொல்லவாண்ணே?

பேச வேண்டியதை எழுதித்தான் கொண்டுவந்தேன். அதை மடிச்சுப் பையில வச்சிட்டேன். காரணம், எனக்கு முன்னாடி பேசின தம்பி. அவர் சொன்னார்: "அக்கா கடையில பக்கம் வடிவமைக்க இன்னும் பேஜ்மேக்கர்ங்கிற மென்பொருள்தான் ஓடுது. 2001-ல வந்த 7.0-தான் அதோட கடைசிப் பதிப்பு. அக்கா இன்னும் அம்மியில அரைச்சுக்கிட்டு இருக்காங்க, அவங்களுக்கு மிக்சியோட அருமை எப்படித் தெரியும்?" எல்லாரும் கைதட்டினீங்க. கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்.

தம்பி, உங்க வயசு 26, 27 இருக்குமா? அம்மி கொத்துறவரைப் பார்த்திருக்கீங்களா? பார்த்திருக்க மாட்டீங்க. பார்த்திருந்தா அந்த வார்த்தை உங்க வாயில வந்திருக்காது. இங்க முன்னாடி உட்கார்ந்திருக்கிற அம்மாக்களைக் கேளுங்க. வெயில் ஏறுற நேரம், தெருக்கோடியில ஒரு குரல் வரும். "அம்மி கொத்தலையோ அம்மீ... ஆட்டுக்கல்லு கொத்தலையோ..." தோள்ல சாக்குப்பை, அதுக்குள்ள உளியும் சுத்தியலும். எங்க அப்பத்தா வாசல்ல நின்னு கூப்பிடும். அவர் சாக்கை விரிச்சு உட்காருவார். முதல்ல உளியை எடுக்க மாட்டார். உள்ளங்கையை அம்மி மேல வச்சு ஒரு தடவை தடவிப் பார்ப்பார். "நடுவுலதான் ஆத்தா தேஞ்சிருக்கு, மிளகா வழுக்குதா?" "ஆமாய்யா, மசிய மாட்டேங்குது." "ஆழமாப் போடவா, லேசாப் போடவா?"

நடுவர் ஐயா, அந்தக் கேள்வியைக் குறிச்சு வச்சுக்கோங்க. ஆழமாப் போடவா, லேசாப் போடவா?

அப்புறம் டக், டக், டக். சில்லு தெறிக்கும். "பாப்பா, கண்ணை மூடிக்கோ." நான் விரல் இடுக்கு வழியாப் பார்ப்பேன். வரிசையாப் புள்ளி, கோலத்துக்கு வச்ச மாதிரி. முடிச்சிட்டு, "முதல்ல ஒரு கை தவிடு போட்டு அரைச்சுக் கொட்டிருங்க ஆத்தா, கல்லுமண்ணு போயிரும்"னு சொல்லிட்டுக் காசை வாங்கிட்டுப் போவார். மறுநாள் துவையல் வெண்ணெய் மாதிரி மசியும். தம்பி, அதுக்கு என்ன பேர்? அதுதான் அப்டேட்! எங்க அப்பத்தா அப்டேட் வேணாம்னு சொன்னவங்க இல்லை. கூப்பிட்டு, உட்கார வச்சு, இப்படிச் செய்னு சொல்லிச் செஞ்சுக்கிட்டவங்க. அம்மி அவங்களுது. முடிவும் அவங்களுது.

அந்த அம்மி கொத்துறவர், நாம தூங்கும்போது சுவரேறிக் குதிச்சு அடுப்படிக்கு வந்ததில்லை. "இந்த அம்மிக்கு வர்ற புரட்டாசியோட கெடு முடியுது, இனிமே கொத்த மாட்டோம், புது அம்மி வாங்கு, அது இந்த அடுப்படியில நுழையாது, அடுப்படியை இடிச்சுக் கட்டு"ன்னு எந்த ஊர்லயாவது எவராவது சொன்னது உண்டா? விண்டோஸ் 10 கதை அதுதானேய்யா! 2015-ல வந்துச்சு. 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தம் வழக்கமா வர்றது நின்னுபோச்சு. விருப்பம்னு பதிவு செஞ்சுக்கிட்டவங்களுக்கு இன்னொரு வருஷம் நீட்டிச்சாங்க, அவ்வளவுதான். சரி, விண்டோஸ் 11 போடலாமான்னா, டி.பி.எம். 2.0-ங்கிற பாதுகாப்புச் சிப் வேணும், அவங்க பட்டியல்ல இருக்கிற பிராசசர் வேணும். நல்லா ஓடிக்கிட்டு இருக்கிற எத்தனை கம்ப்யூட்டர் இந்தத் தகுதித் தேர்வுல தோத்துப்போச்சு! கணக்குப் போடும், படம் ஓட்டும், பத்திரிகை அடிக்கும். ஆனா பூட்டு கெட்டா சரிபண்ண ஆள் வராது. வேலை செய்யுற பொருளை வேலைக்கு ஆகாதுன்னு ஒரு தேதி சொல்லுது.

தம்பி தலையாட்டுறார். "பாதுகாப்புக்குத்தான் அக்கா"ங்கிறார். அப்படியே இருக்கட்டும். என் கடையில நடந்ததைச் சொல்றேன். எந்தக் கம்பெனி, எந்த மென்பொருள்னு பேர் சொல்ல மாட்டேன். அது இந்த மேடைக்கு வேண்டாம்.

ஒரு மார்கழி மாசம், ராத்திரி 9 மணி. சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்துல இருந்து பெரியவர் ஒருத்தர். வெள்ளை வேட்டி, மஞ்சப் பை, பைக்குள்ள பேர் எழுதின நாலு முழத் தாள். தை மாசம் மகனுக்குக் கல்யாணம். விடிஞ்சா முதல் பத்திரிகையைக் குலசாமி கோயில்ல வச்சுக் கும்பிடணும். பிரஸ்ல பிளேட் போடக் காத்திருக்காங்க. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மச்சான், இறந்துபோன தாத்தா பேருக்கு முன்னாடி "தெய்வத்திரு", எல்லாம் அடிச்சு முடிச்சாச்சு. பெரியவர் ஒருதடவை வாசிச்சுப் பார்த்து, கண்ணைத் துடைச்சுக்கிட்டார். "சேவ்" பண்ணப் போறேன். திரை அணைஞ்சது. மறுபடி வந்தது. "வேலை நடந்துகொண்டிருக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்." 3 சதவீதம்.

12 சதவீதம். பெரியவர் நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டார்.

27 சதவீதம். "என்னம்மா செய்யுது?" "தன்னைத்தானே புதுசாக்கிக்குதுங்கய்யா." அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "கல்யாணம் எம் மகனுக்கா, இதுக்கா?"

மறுபடி பார்க்கிறோம், 27. டீ வாங்கிட்டு வரச் சொன்னேன். டீ வந்துச்சு, 27. டீ ஆறிச்சு, 27. டீயில ஆடை படிஞ்சிருச்சு, அப்பவும் 27! வெளியில கடைசி பஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டே போகுது. அவரு போற பஸ். ரெண்டு பேருமே திரும்பிப் பார்க்கலை. கண்ணு ரெண்டும் 27-லயே இருக்கு. 61-க்கு வந்துச்சு. பெரியவர் எழுந்து நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டார். 98. 99. 100! அணைஞ்சது. மறுபடி வந்தது. "வேலை நடந்துகொண்டிருக்கிறது." 3 சதவீதம்.

அதோட விட்டுச்சா? கடைசியில ஒருவழியாத் திறந்துச்சு. கோப்பு இருந்தது, எழுத்துரு இல்லை. நாங்க அடிக்கிறது பாமினி. அதுல ஆங்கில எழுத்தோட இருக்கையில தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். எழுத்துரு எழுந்து போயிட்டா அடியில இருக்கிற ஆங்கிலம் பல்லைக் காட்டும். "திருமணம்"னு இருந்த இடத்துல ஜே, பி, யு, கே, இசட், கே, கூடவே ஓர் அரைப்புள்ளி. பெரியவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துட்டு, "ஏம்மா, சம்பந்தி வீட்டுல யாருக்கும் இங்கிலீஷ் தெரியாதே"ன்னார்.

எழுத்துருவைத் தேடி மறுபடி ஏத்தி, வரிவரியாச் சரிபார்த்துப் பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது மணி பன்னெண்டு தாண்டியிருச்சு. பிரஸ் பையன் வண்டியில அவரை ஊருக்குக் கொண்டுபோய் விட்டான். கிளம்பும்போது பெரியவர் கோபப்படலை. ஒண்ணே ஒண்ணு கேட்டார். "இதை இப்பச் செய்யச் சொல்லி நீ சொன்னியாம்மா?" "இல்லைங்கய்யா." "நான் சொன்னனா?" "இல்லைங்கய்யா." "அப்ப யாரு?"

நடுவர் ஐயா, அப்ப யாரு? எங்கணி கேட்கிறது இந்த ஒரே கேள்விதான். காசு கொடுத்து வாங்கினது நான், உட்கார்ந்து உழைக்கிறது நான், அப்ப யாரு? 2017 டிசம்பர்ல ஆப்பிள் கம்பெனி ஒத்துக்கிட்டது: பேட்டரி பழசான ஐபோன்களோட வேகத்தை எங்க மென்பொருள் குறைக்குது, போன் திடீர்னு அணைஞ்சுபோகாம இருக்கத்தான் அப்படிச் செஞ்சோம்னு. காரணம் நியாயமாக்கூட இருக்கட்டும். ஆனா பிரான்ஸ் அரசு 2020-ல இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது எதுக்கு? வாங்கினவன்கிட்ட அதைச் சொல்லாததுக்கு! தம்பி, "ஆழமாப் போடவா, லேசாப் போடவா"ன்னு கேட்காம விட்டதுக்கு!

எதிரணித் தலைவர் பெருமையாச் சொன்னார், எல்லாப் போனுக்கும் ஒரே சார்ஜர் வந்திருச்சு, சிக்கல் தீர்ந்திருச்சுன்னு. ஐயா, அந்தச் சிக்கலை உண்டாக்கினது யாரு, தீர்த்தது யாரு? ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டுச்சு, 2024 டிசம்பர் 28-ல இருந்து அங்க விக்கிற போனெல்லாம் டைப்-சி-தான்னு. வாங்குறவங்க பக்கம் சட்டம் நின்னதால அது நடந்தது. யூபிஐ பத்தியும் சொன்னார். கீரைக்காரம்மா கையில சில்லறை இல்லாம வியாபாரம் நடக்குது, நல்லதுதான், ஒத்துக்கிறேன்.

ஒத்துக்க வேண்டியது இன்னும் ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் பூரா ஒரே எண் கொடுக்கிற யூனிகோடு தமிழுக்கு வந்தது எங்க தொழிலுக்கே இன்னொரு பொறப்பு. இன்னைக்கு ஒரு சின்னப் பையன் போன்ல "அம்மா"ன்னு அடிச்சா அது கனடாவுலயும் "அம்மா"ன்னே தெரியுது. அரைப்புள்ளி வர்றதில்லை. ஏன் தெரியுமா தம்பி? யூனிகோடு அமைப்பு ஒரு கொள்கை வச்சிருக்கு. ஓர் எழுத்துக்கு ஒருதடவை எண் கொடுத்துட்டா, பிறகு அதை நகர்த்துறதில்லை, நீக்குறதில்லை. "அ" உட்கார்ந்த இடம் "அ"வோடதுதான். ஊர்ப்பட்ட புது எழுத்து வரலாம், ஏற்கெனவே இருக்கிறவங்களை எழுப்பிவிட மாட்டாங்க. புதுசுன்னா அப்படி வரணும். நான் பேஜ்மேக்கரைக் கட்டிக்கிட்டு அழலை தம்பி. என் கை பழகின இடத்துல கை வைக்காதேங்கிறேன்.

கை பழகுறதுன்னா என்னன்னு எங்க வீட்டுல பார்த்து வளர்ந்தவ நான். எங்கப்பா கம்பாசிட்டர், அச்சகத்துல எழுத்துக் கோக்கிறவர். அறை அறையா ஈய எழுத்து இருக்கும். கரண்ட் போனாலும் அவர் கை நிக்காது, இருட்டுல எடுத்துக் கோப்பார். "கண்ணு மறக்கும், கை மறக்காது"ம்பார்.

மணி அடிச்சிட்டாங்க. நடுவர் ஐயா, ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் கொடுங்க.

அப்பா போனப்புறம் எங்கம்மா கிராமத்துல தனியாத்தான் இருக்காங்க. ஒரு கண்ணுல ஆபரேஷன் ஆயிருச்சு, இன்னொண்ணு மங்கல். போன் வாங்கிக் கொடுத்தேன். படிக்கத் தெரியாது. ஒரு வாரம் பக்கத்துல உட்கார்ந்து பழக்கினேன். "இங்க தொட்டா என் படம் வரும், மறுபடி இங்க தொட்டா மணி அடிக்கும்." அம்மா என்ன செஞ்சாங்க தெரியுமா? கண்ணாடி முன்னாடி ஒட்டி வச்சிருந்த ஸ்டிக்கர் பொட்டுல ஒண்ணை எடுத்து, அந்த இடத்துக்கு நேரா போன் ஓரத்துல ஒட்டிக்கிட்டாங்க. சிவப்புப் பொட்டு. கட்டைவிரல் பொட்டைத் தடவும், அரை விரல்கடை உள்ள போகும், எனக்கு மணி அடிக்கும். தினமும் சாயங்காலம் விளக்கேத்தினதும். "சாப்டியா?" அவ்வளவுதான் பேச்சு. மூணு வருஷம் ஒருநாள் தப்பலை.

ஒருநாள் வரலை. கல்யாண சீசன், கடையில கூட்டம், நான் கவனிக்கலை. மறுநாளும் வரலை. நான் கூப்பிட்டா மணி அடிக்குது, எடுக்கலை. கடையை அப்படியே போட்டுட்டுப் பஸ் ஏறிட்டேன். பஸ்ஸுல நான் என்னென்ன நெனச்சேன்னு சொல்ல மாட்டேன். அம்மா இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க. மடியில போன். வாங்கிப் பார்த்தேன். ராத்திரியோட ராத்திரியா அப்டேட் ஆகி, போன் பேசுற திரையே மாறிக் கிடக்கு. படம் வேற பக்கம், பொத்தான் வேற பக்கம், எடுக்கிற விதமே வேற. பொட்டு மட்டும் அதே இடத்துல இருக்கு. அதைச் சுத்திக் கண்ணாடி முழுக்கக் கட்டைவிரல் ரேகை. ரெண்டு நாளாத் தொட்டிருக்காங்க.

"ஏம்மா, பக்கத்து வீட்டுல சொல்லக்கூடாதா?"ன்னு கேட்டேன். எங்கம்மா போனைப் பார்க்கலை, என் முகத்தைத் தொட்டுப் பார்த்தாங்க.

"பொட்டு வச்ச இடத்துல உன்னைக் காணோமேடி."

வணக்கம்.