மனநலப் பணியாளரின் சோர்வு லீவு போட்டால் தீருமா?

[திரையில்: காரைக்குடி, கொப்புடைய நாயகி அம்மன் கோயில் வாசல்]

சாமி கும்பிட வந்த மனநல ஆலோசகரை வழிமறித்து ஒரு தாயார் கேட்கிறார்: "மேடம், பையன் இப்ப நல்லா தூங்குறான். மாத்திரையை நிறுத்திடலாமா?"

காரைக்குடி, தேவகோட்டை மாதிரி ஊர்களில் ஓ.பி. நேரம் முடிந்தாலும் வேலை முடியாது. அங்கேயே ஆலோசனை சொல்லத் தொடங்கினால் அடுத்த வாரம் நாலு பேர் வழிமறிப்பார்கள். "டாக்டரைக் கேட்காம நிறுத்திடாதீங்க. ஓ.பி.க்குக் கூட்டிட்டு வாங்க, பேசுவோம்" என்றால் போதும். முகம் கொடுக்காத மாதிரி இருக்குமே என்று தயங்க வேண்டாம்.

[திரையில்: கேள்வித்தாள்]

இப்படி ஓயாத வேலையால் வரும் சோர்வுக்குப் பெயர் பர்ன்-அவுட். இது வெறும் அசதி அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய் வகைப்பாடு இதை வேலை சார்ந்த நிலை என்கிறது, நோய் என்று சொல்லவில்லை. அளப்பதற்கு அதிகம் பயன்படுவது மாஸ்லாக் கேள்வித்தாள். 22 கேள்விகள்: மனம் வற்றிப்போவதற்கு 9, நோயாளியை வெறும் கேஸாகப் பார்ப்பதற்கு 5, வேலையில் சாதித்த உணர்வுக்கு 8.

பலர் சறுக்குவது கூட்டலில். மூன்றையும் ஒன்றாகக் கூட்டக் கூடாது. முதல் இரண்டில் மதிப்பெண் கூடினால் கவலை, கடைசிப் பகுதியில் குறைந்தால்தான் கவலை. வற்றிப்போனவருக்கும் அந்த 8 கேள்விகளில் நல்ல மதிப்பெண் வரலாம். வேலை பிடித்திருக்கிறது, உடம்பும் மனசும்தான் தாங்கவில்லை என்று அர்த்தம். அவரிடம் போய் "இன்னும் ஈடுபாட்டோடு செய்யுங்க" என்பது அநியாயம்.

லீவு அசதியைக் குறைக்கும். திரும்பி வரும்போது அதே கூட்டம், அதே ரிஜிஸ்டர் என்றால் சில வாரங்களில் பழையபடிதான். மாற வேண்டியது வேலை அமைப்பு.

தற்கொலை எண்ணம், வன்கொடுமை போன்ற கேஸ்களை அடுத்தடுத்து ஒருவருக்கே போடாதீர்கள். 50 நிமிடம் பேசினால் 10 நிமிடம் குறிப்பெழுத விடுங்கள். அதையும் டோக்கனால் நிரப்பினால் குறிப்புகள் வீட்டுக்குத்தான் போகும். வாரம் ஒரு மணி நேரம் மூத்தவரோடு கேஸ் பற்றிப் பேசட்டும். அந்த மூத்தவரே லீவு கொடுக்கும் அதிகாரியாக இருந்தால் யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

நோயாளி ஒருவர் தற்கொலை செய்துகொண்டால், அவரைப் பார்த்த பணியாளரோடு ஓரிரு நாளில் உட்கார்ந்து பேசுங்கள். விசாரணையை அதில் கலக்காதீர்கள்.

[திரையில்: பின்தொடர்தல் ரிஜிஸ்டர்]

வேலையில் சாதித்த திருப்தி குறைவதற்கு யாரும் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு. நன்றாகிவிட்டவர் வருவதில்லை, மறுபடி மோசமானவர்தான் வருகிறார். கல்லலில் கடை திறந்தவரும் புதுவயலில் வேலைக்குப் போகிறவரும் பணியாளர் கண்ணில் படுவதே இல்லை. மாதம் ஒருமுறை, சம்மதம் தந்தவர்களுக்கு மட்டும் போன் போட்டு, எப்படி இருக்கிறார்கள் என்று ரிஜிஸ்டரில் ஒரு வரி எழுதுங்கள்.