சேற்றுக்குள் கிடந்த சாலை

வணக்கம் நேயர்களே. எனக்குச் சின்ன வயதிலிருந்தே மைல்கல் பைத்தியம். பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஊர் வரும்வரை கற்களை எண்ணிக்கொண்டே போவேன். அந்தப் பைத்தியம்தான் என்னை ஆல்ப்ஸ் மலையைத் தாண்டும் ஒரு ரோமானியச் சாலையில் கொண்டுபோய் விட்டது. பெயர் வியா கிளாடியா அகஸ்டா. இத்தாலியில் புறப்பட்டு, ரெஷன், ஃபெர்ன் என்ற இரண்டு கணவாய்களைக் கடந்து, ஜெர்மனியில் டான்யூப் ஆற்றுப் பக்கம் இறங்கும்.

இதன் கதையை முதலில் சொன்னவை இரண்டே இரண்டு மைல்கற்கள். ஒன்று 1552இல் ராப்லாந்து என்ற ஊரில் கிடைத்தது. இன்னொன்று 1786இல், செசியோமஜோரே என்ற ஊரின் தேவாலயத்தில். அது எங்கே இருந்தது தெரியுமா? பலிபீடத்தைத் தாங்கிக்கொண்டு! நம் ஊரில் துணி துவைக்கும் கல்லைப் புரட்டினால் சோழர் கல்வெட்டு இருக்கும் அல்லவா, அதே கதைதான்.

அந்தக் கல்லில் கிளாடியஸ் பேரரசர் பேசுகிறார். ‘என் தந்தை ட்ரூசஸ் போரிட்டு ஆல்ப்ஸைத் திறந்து வகுத்த பாதையை நான் சாலையாக்கினேன், அல்டினம் முதல் டான்யூப் வரை 350 மைல்’ என்கிறார். அல்டினம் என்பது இத்தாலியில் வெனிஸ் பக்கம் இருந்த பழைய ஊர். ரோமானிய மைல் நம் மைலைவிடக் கொஞ்சம் சிறியது. ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா படை நடத்தியது கி.மு. 15இல். குதிரையிலிருந்து விழுந்து அவர் இறந்தபோது கிளாடியஸுக்கு ஒரு வயது. முகம்கூட நினைவிருக்காது. அந்தப் படையெடுப்புக்கு அறுபது வருடம் கழித்து அந்தப் பிள்ளை அப்பா பெயரைக் கல்லில் வெட்டி வைக்கிறார். எத்தனை முறை படித்தாலும் நான் இந்த இடத்தில் நின்றுவிடுவேன்.

இதில் ஒரு வம்பும் உண்டு. செசியோமஜோரே கல் ‘அல்டினத்திலிருந்து’ என்கிறது, ராப்லாந்து கல்லோ வட இத்தாலியில் ஓடும் ‘போ’ என்ற ஆற்றிலிருந்து என்கிறது. ஒரே சாலை, ஒரே பேரரசர், தொடக்கம் மட்டும் வேறு வேறு. அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நான் ஆற்றின் பக்கம்.

சரி, கல் பெயரைச் சொல்லிவிட்டது. சாலை எங்கே? அதைச் சொன்னது சேறு. ஆஸ்திரியாவில், டிரோல் பகுதியில், லெர்மூஸ் என்றொரு ஊர். பக்கத்தில் பெரிய சதுப்பு. சுற்றிக்கொண்டு போயிருக்கலாமே என்றுதான் நமக்குத் தோன்றும். ரோமானியர் குறுக்கேதான் போனார்கள். நீளவாக்கில் மரங்களைப் போட்டு, அவற்றின் மேல் உருட்டுக் கட்டைகளைக் குறுக்காக நெருக்கி அடுக்கி, அதற்கும் மேல் சரளைக் கல் கொட்டினார்கள். 1990களில் தோண்டியபோது அந்தக் கட்டைகள் அப்படியே இருந்தன. காற்றுப் புகாத சேற்றில் மரம் மட்காது. மரத்தை அறுத்தால் வருடத்துக்கு ஒரு வளையம் தெரியும் இல்லையா, அந்த வளையங்களின் அகலத்தை, ஆண்டு தெரிந்த மற்ற மரங்களின் வளையங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெட்டப்பட்ட ஆண்டு கி.பி. 46. கிளாடியஸ் காலமேதான்! பேரரசர் சொன்னது பொய்யில்லை என்று ஒரு கட்டை சாட்சி சொல்லிவிட்டது.

கட்டைகளோடு நாணயங்கள் கிடைத்தன, செருப்பு ஆணிகளும் கிடைத்தன. ரோமானியர் செருப்பின் அடியில் இரும்பு ஆணி அடித்திருப்பார்கள். நடக்க நடக்க ஒன்றிரண்டு கழன்று விழும். நம் செருப்பில் ஒரு ஆணி தளர்ந்தாலே நாலு தெரு தள்ளியிருக்கும் தொழிலாளியைத் தேடிப் போகிறோம்; மலை நடுவே ஆணி கழன்ற அந்த ரோமானிய ஆள் என்ன செய்தாரோ? பேரரசர் பெயர் கல்லில் இருக்கிறது. இவர் பெயர் எங்கும் இல்லை, ஆணி மட்டும் இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். இந்தச் சாலை ஏன் மங்கிப்போனது என்பதைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். சுருக்கமாக: கி.பி. 200 வாக்கில் ஆல்ப்ஸைக் கடக்கும் இன்னொரு கணவாயான பிரென்னர் வழி சீரானது, தூரமும் குறைவு, வண்டிகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. அப்புறம்... இப்போது இந்தப் பழைய தடத்தை ஒட்டிச் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். மீதியை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.