நடுக்கடலில் ஒற்றை டிக்

நேயர்களுக்கு வணக்கம்.

பதினோரு வருஷம் சொகுசுக் கப்பல்களில் ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் நின்று வேலை பார்த்தவன் நான். பகலில் அந்த மேசைக்கு வரும் குறைகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். அறைக் கதவு திறக்கவில்லை, ஏசி ரொம்பக் குளிர்கிறது, பில்லில் ஏதோ கூடியிருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் வருகிறவர்கள் வேறு ரகம். போனை நீட்டிக்கொண்டே வருவார்கள். "தம்பி, இது ஏன் போக மாட்டேங்குது?"

அப்படி வந்த ஒரு பெரியவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நார்வேயில் ஒரு ஃபியோர்டுக்குள், அதாவது மலைகளுக்கு நடுவே நீளமாக நுழையும் குறுகிய கடலுக்குள், கப்பல் போய்க்கொண்டிருந்தது. கோடைக்காலம், ராத்திரி பத்தரை ஆகியும் வெளிச்சம் போகவில்லை. இரண்டு பக்கமும் செங்குத்தாக மலை. மற்றவர்கள் மேல் டெக்கில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் கீழே, என் முன்னால். மகளுக்கு வாட்ஸ்அப்பில் "நல்லா இருக்கேன், தூங்கப் போறேன்" என்று போட்டிருக்கிறார். அதன் பக்கத்தில் டிக் விழவில்லை, குட்டிக் கடிகாரம் ஒன்று உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் போட்ட செய்திகளுக்கும் அதே கடிகாரம்தான்.

"மலை மறைக்குது சார், காலையில சரியாகிடும்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனவர், போனை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

ராத்திரி இரண்டு மணி வாக்கில் கப்பல் திறந்த கடலுக்கு வந்தது. கூடவே கம்பெனி அலுவலகத்திலிருந்து ஒரு தகவலும் வந்தது. இன்ன அறைப் பயணியின் மகள் அவசர எண்ணில் அழைத்திருக்கிறார், அப்பாவுக்கு அனுப்பிய எதற்கும் பதில் இல்லையாம், எல்லாமே ஒற்றை டிக்கோடு நிற்கிறதாம், யாராவது நேரில் பார்த்துவிட்டுச் சொல்லவும். நான்தான் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. "வீட்டுல யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். அங்கே மகள், அப்பாவுக்கு என்னவோ என்று விழித்துக்கொண்டிருக்கிறாள். இங்கே அப்பா, வீட்டில் என்னவோ என்று நடுங்குகிறார். இரண்டு பேருக்கும் ஒன்றுமே ஆகவில்லை. நடுவில் ஒரு மலை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

கப்பலின் உச்சியில் பெரிய வெள்ளைப் பந்துகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் டிஷ் ஆன்டெனா இருக்கிறது. கப்பல் எப்படி ஆடினாலும் அது மட்டும் திரும்பித் திரும்பி ஒரே செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருக்கும். நெடுங்காலமாகக் கப்பல்கள் நம்பியிருந்த செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. வடக்கே போகப் போக அவை வானத்தில் தாழ்ந்துகொண்டே வரும். நார்வே, அலாஸ்கா பக்கமெல்லாம் அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலேதான். குறுக்கே ஒரு மலை வந்தால் போதும், இணைப்பு அறுந்துவிடும். மலை கூட வேண்டாம், கப்பலின் சொந்தப் புகைபோக்கியே மறைக்கும். அதனால்தான் ஒன்றுக்கு இரண்டாகப் பந்து வைக்கிறார்கள். ஆக, மக்கள் எந்த இடத்தைப் பார்க்கக் காசு கொடுத்து வருகிறார்களோ, அந்த இடத்தில்தான் வாட்ஸ்அப் படுத்துக்கொள்ளும்.

அந்த உயரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. நம் குரல் மேலே ஏறிக் கீழே இறங்கவே கால் நொடி ஆகும். பதில் வர இன்னொரு கால் நொடி. அரை நொடி என்ன பெரிய நேரம் என்று தோன்றும். பேசிப் பார்த்தால் தெரியும். பதில் வரவில்லையே என்று நாம் மறுபடி ஆரம்பிப்போம், அதே சமயம் அந்தப் பக்கமும் ஆரம்பிக்கும். "சொல்லு சொல்லு." "இல்ல, நீங்க சொல்லுங்க." இதிலேயே பாதி நேரம் போய்விடும்.

இப்போது நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களின் இணைப்பு 2022 முதல் பெரிய சொகுசுக் கப்பல்களுக்கு வர ஆரம்பித்தது. வீடியோ காலில் பேரன் முகம் தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் ஒரு பெரிய கப்பலில் ஏழாயிரம் பயணிகள், அதற்கு மேல் இரண்டாயிரம் ஊழியர்கள் இருப்பார்கள். துறைமுகம் தொடாத நாளில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டைக் கூப்பிட்டால் எந்த இணைப்பும் மூச்சுத் திணறத்தான் செய்யும். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. விடியற்காலையில் பேசுவோம். இல்லையென்றால் கப்பல் துறைமுகத்தில் நின்று, கூட்டம் ஊர் சுற்ற இறங்கிப் போன பிறகு பேசுவோம். நீங்களும் செய்து பாருங்கள்.

அப்புறம், பணம் பறிபோகிற ஒரு இடத்தைச் சொல்ல வேண்டும். கரையிலிருந்து கிட்டத்தட்ட 12 கடல் மைல் தாண்டியதும் பல கப்பல்கள் தங்களுடைய சொந்த மொபைல் டவரைப் போட்டுவிடும். தாழ்வாரக் கூரையில் சின்னச் சின்ன ஆன்டெனாக்களாக இருக்கும். உங்கள் போன் அதைப் பார்த்ததும் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டு ரோமிங் பேக் போட்டிருக்கிறேனே என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். அது பெரும்பாலும் நாடுகளுக்கான பேக். கடல் எந்த நாட்டுக் கணக்கிலும் வராது. நீங்கள் யாரையும் கூப்பிடவே வேண்டாம், எடுத்த படங்களை போன் தானாகவே மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் போனதும் பில் வரும். கப்பல் கிளம்புவதற்கு முன்னாலேயே ஃப்ளைட் மோடு போட்டு, வைஃபையை மட்டும் தனியாக ஆன் பண்ணுங்கள். படங்கள் தானாக ஏறுவதையும் நிறுத்திவிடுங்கள்.

ஃப்ளைட் மோடு போட்டால் பேங்க் ஓடிபி வராது. இதை முன்பே யோசிக்கிறவர்கள் குறைவு. வைஃபை காலிங் வசதி இருக்கிற சிம் என்றால் சில சமயம் வரும். கிளம்பும் முன் வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிடுங்கள். கட்ட வேண்டியதையும் கட்டிவிட்டே கிளம்புங்கள்.

கூடவே கப்பலில் வந்திருக்கும் குடும்பத்தாரோடு தொடர்பில் இருப்பதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. பதினைந்து தளம், எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரித் தாழ்வாரம். வாக்கி டாக்கி வாங்கிக்கொண்டு வருவார்கள், சுவரெல்லாம் இரும்பு, இரண்டு தளம் தாண்டினால் கரகரப்புதான் மிச்சம். கப்பல் கம்பெனிகளின் ஆப்பில் பெரும்பாலும் ஒரு சாட் வசதி இருக்கிறது. அது கப்பலுக்குள் இருக்கும் வைஃபையிலேயே ஓடும், செயற்கைக்கோள் செத்தாலும் வேலை செய்யும். நான் பார்த்ததிலேயே நல்ல வழி ஒரு பாட்டி செய்ததுதான். அறைக் கதவு இரும்பு, காந்தம் ஒட்டும். ஒரு காந்தத்தில் காகிதத்தைச் செருகி, "3 மணிக்கு 5ஆம் தளம், படிக்கட்டுப் பக்கம்" என்று எழுதி வைத்துவிடுவார். பேரப்பிள்ளைகள் ஒருநாளும் தொலைந்ததில்லை.

இது வானொலி என்பதால் ஒரு பழைய கதை. பயணிகள் வீட்டுக்குச் சேதி அனுப்பும் ஆசை இன்று வந்ததில்லை. 1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக் கப்பலில் கம்பியில்லாத் தந்திக்காரர் ஜாக் ஃபிலிப்ஸ், பயணிகளின் சொந்தச் செய்திகளைக் கரையில் இருந்த கேப் ரேஸ் தந்தி நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். குவிந்து கிடந்த வேலை. அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்த கலிஃபோர்னியன் கப்பல், சுற்றிலும் பனி, நின்றுவிட்டோம் என்று குறுக்கே சொல்ல வந்தது. சும்மா இரு, வேலையாக இருக்கிறேன் என்று ஃபிலிப்ஸ் அடக்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அந்தச் செய்திகளை எழுதிக் கொடுத்தவர்களைப் போன்ற முகங்களை நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

கப்பலில் வேலை பார்க்கிறவர்கள் கதை தனி. நான் சேர்ந்த புதிதில், துறைமுகத்தில் இறங்கி மாலுமிகள் மையத்தைத் தேடி ஓடுவோம். போன் கார்டு வாங்கி வரிசையில் நிற்போம். எனக்கு முன்னால் நிற்கிறவன் மனைவியோடு சண்டை போட்டால் என் அம்மாவுக்குக் கிடைக்க வேண்டிய நேரம் போய்விடும். கப்பல் ஊழியர்களின் உரிமைகளுக்கான சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2022இல் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்களுக்குக் கப்பலில் இணைய வசதி, முடிந்தவரை, இருக்க வேண்டும், கட்டணம் வாங்கினால் அது நியாயமாக இருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். 2024 டிசம்பர் 23இல் அது நடைமுறைக்கு வந்தது. தாமதம்தான். வந்ததே என்று எடுத்துக்கொள்கிறேன்.

சரி, வீட்டில் இருப்பவர்கள் பக்கம் வருவோம். கப்பல் எங்கே போகிறது என்று வரைபடத்தில் காட்டும் தளங்கள் இருக்கின்றன. கப்பல் விடும் அடையாளச் சிக்னலைக் கரையில் இருக்கும் கருவிகள் பிடித்துக் காட்டுகின்றன. கரையிலிருந்து சுமார் 40 கடல் மைல் தாண்டினால் அவற்றுக்கு எட்டாது. புள்ளி அதே இடத்தில் நின்றுவிடும். கப்பல் போய்க்கொண்டுதான் இருக்கும். புள்ளி நின்றுவிட்டது என்று அழுதுகொண்டே கம்பெனிக்குப் போன் செய்தவர்கள் உண்டு.

என்னைக் கேட்டால், இத்தனை தொல்லைக்கும் காரணம் கிளம்பும்போது வாசலில் கொடுக்கிற ஒரு வாக்குறுதி. "தினமும் கூப்பிடறேன்." அதைச் சொல்லாதீர்கள். எந்தெந்த நாள் பேச்சு இருக்காது என்று சொல்லிவிட்டுப் போங்கள். பயணத் திட்டத்தைப் பார்த்தாலே தெரியும், எந்த நாள் துறைமுகம், எந்த நாள் வெறும் கடல் என்று. கப்பல் நேரம் வேறு, வீட்டு நேரம் வேறு, துறைமுகத்து நேரம் சில சமயம் மூன்றாவதாக ஒன்று. அதனால் வீட்டு நேரத்தில் எழுதிக் கொடுங்கள். கூடவே கப்பலின் முழுப் பெயர், அறை எண், பதிவு எண், கம்பெனியின் அவசர எண். கப்பல் பெயரை முழுசாக எழுதுவது முக்கியம், ஒரே கம்பெனியில் அண்ணன் தம்பி மாதிரிப் பெயர்கள் இருக்கும். வீட்டில் உண்மையாகவே ஒன்று நடந்தால் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் எங்களில் ஒருவர் உங்கள் கதவுக்கு வர முடியும்.

அந்தப் பெரியவர் மறுநாள் காலை மேசைக்கு வந்தார். மீதிப் பயணத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். புதன் துறைமுகம், மதியம் பேசலாம். வியாழன், வெள்ளி பேச்சு இருக்காது. சனி காலை பேசலாம். தாளைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது, என்னிடம் காட்டினார். "சரிப்பா. வியாழன் வெள்ளி நானும் நிம்மதியாத் தூங்குறேன்."

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மறுபடி என் முன்னால் நின்றார்.

"சிக்னல் இருக்கா தம்பி?"

"நல்லாவே இருக்கு சார். இன்னைக்கு என்னமோ அதிசயம்."

போனை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். சட்டைப் பையில் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"வேண்டாம். அவ தூங்கட்டும்."