பேச ஐந்தே நிமிடம், மீதியெல்லாம் கேள்வி: ஃபாரடே சொசைட்டியின் கதை

(திரையில்: ஒரு பழைய அரங்கம், ஓடும் கடிகாரம்)

வருஷக்கணக்கில் ஆய்வு செய்துவிட்டு வந்தவருக்கு மேடையில் கிடைப்பது ஐந்து நிமிடம்தான். ஏனென்றால் அவருடைய கட்டுரையை அரங்கில் இருப்பவர்கள் முன்பே வாங்கிப் படித்துவிட்டார்கள். மீதி நேரம் முழுக்கக் கேள்விதான். இப்படியொரு வழக்கத்தை வளர்த்தெடுத்த சங்கத்தைப் பற்றித்தான் இந்த வீடியோ.

1903, லண்டன். உலோகம் பிரிக்க, முலாம் பூச என்று, மின்சாரத்தையும் வேதிவினையையும் இணைத்துப் படிக்கும் மின்வேதியியல் தொழிற்சாலைக்குள் நுழைந்துவிட்ட காலம். ஜெர்மனியில் 1894லேயே இதற்கென்று சங்கம் வந்துவிட்டது, அமெரிக்காவில் 1902ல். மறுவருஷம் பிரிட்டனில் ஃபாரடே சொசைட்டி. முதல் தலைவர் ஜோசப் ஸ்வான், மின்விளக்கு செய்த அதே ஸ்வான்தான். மின்சாரத்தையும் வேதியியலையும் ஆராய்ந்த ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே இறந்து 36 வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அயான் (மின்னூட்டம் உள்ள துகள்), ஆனோடு, கேத்தோடு (இரண்டு மின்முனைகள்) எல்லாம் 1834ல் அவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொற்கள், அப்புறம் வேறு யார் பெயரை வைப்பது?

1905ல் ஆய்விதழ் தொடங்கினார்கள். 1907ல் சவ்வூடு பரவல் அழுத்தத்தை, அதாவது மெல்லிய சவ்வு வழியாகக் கரைசலுக்குள் நீர் புகுவதோடு தொடர்புடைய அழுத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு விவாதக் கூட்டம். ஒரு கூட்டத்துக்கு ஒரே பொருள் என்ற இந்த முறைதான் சங்கத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன், மின்வேதியியலோடு நிற்காமல், வேதியியலை இயற்பியல் வழியில் ஆராயும் இயற்பிய வேதியியல் முழுவதற்கும் அது விரிந்ததும் இந்த விவாதங்கள் வழியாகத்தான்.

1935 செப்டம்பர், கேம்பிரிட்ஜ். பேசுபொருள்: பாலிமர், அதாவது சின்ன மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்து உருவாகும் பெரிய மூலக்கூறு. ரப்பர் மாதிரிப் பொருள்கள் ஆயிரக்கணக்கான அணுக்கள் கோத்த நீளச் சங்கிலிகள் என்று 1920லிருந்து தனியாளாக வாதாடி, எத்தனையோ எதிர்ப்பைத் தாங்கிய ஜெர்மன் வேதியியலாளர் ஸ்டாடிங்கர் வந்திருந்தார். அதே வருஷம் பிப்ரவரியில் நைலானை உருவாக்கியிருந்த அமெரிக்க வேதியியலாளர் கரோதர்ஸும் வந்திருந்தார். ஒருவர் சங்கிலி இருக்கிறது என்று நிறுவப் போராடியவர், மற்றவர் அதைச் சோதனைச்சாலையில் கண்ணிகண்ணியாகக் கட்டிக் காட்டியவர். இரண்டு பேரும் ஒரே கூட்டத்தில்! நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

சரி, சங்கம் இப்போது எங்கே? வேறு மூன்று அமைப்புகளோடு இணைந்து 1980ல் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி ஆகிவிட்டது. விவாதக் கூட்டம் மட்டும் ஃபாரடே பெயரிலேயே இன்றும் நடக்கிறது.

(திரையில்: விரித்த தொகுதி, பக்கம் பக்கமாக)

அதன் தொகுதி ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். கட்டுரைகளோடு நிற்காது. யார் எழுந்து என்ன கேட்டார், அதற்கு என்ன பதில் வந்தது, எல்லாம் பெயரோடு அச்சாகியிருக்கும்.