பழைய ஸ்வெட்ஷர்ட்டிலிருந்து ஒரு க்வில்ட் ஜாக்கெட்

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஸ்வெட்ஷர்ட்டை ஆறு வருஷமாகப் போட்டிருக்கிறேன். கைப்பட்டி நைந்துவிட்டது, மார்பில் விழுந்த கறை போகவே இல்லை. ஆனால் உள்பக்கத்தைப் பாருங்கள், கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன். இந்த மெத்துமெத்துப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. க்வில்ட், அதாவது துணிகளை அடுக்காக வைத்துச் சேர்த்துத் தைப்பது. அப்படித் தைக்கும்போது நடுவில் பஞ்சு அடுக்கு வைப்பார்கள் இல்லையா, அந்த வேலையை இதுவே பார்த்துக்கொள்ளும். தனியாக லைனிங்கும் வேண்டாம். அதனால்தான் ஸ்வெட்ஷர்ட்டிலேயே ஜாக்கெட் தைக்கும் இந்த வழி எனக்கு இவ்வளவு பிடிக்கும்.

உங்கள் அளவைவிட ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். தையல் விழ விழத் துணி உள்வாங்கும். மேலே வைக்கப் போகிற காட்டன் துணிகளையும் முன்பே துவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது.

கை, இடுப்பு, கழுத்துப் பட்டிகளை வெட்டி எடுத்தாயிற்று. முன்பக்க நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு. உடனே கத்தரி வைக்காதீர்கள். கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் இஞ்ச் தள்ளி ஒரு தையல், கழுத்தைச் சுற்றி ஓரத்தை ஒட்டி ஒரு தையல். அப்புறம்தான் வெட்ட வேண்டும். போன தடவை கழுத்துத் தையலை விட்டுவிட்டேன். பின்னல் துணி கை பட்டுப் பட்டு நீண்டு, கழுத்து படியாமல் அலை அலையாக நின்றது. பட்டி வைத்தும் சரியாகவில்லை, முழுவதையும் பிரித்தேன்.

பக்கத் தையலையும் கைக்கு அடித் தையலையும் பிரித்துவிட்டால் எல்லாம் தட்டையாக விரியும். பக்கத்தில் தையலே இல்லாத ஸ்வெட்ஷர்ட் என்றால் அக்குளிலிருந்து நேராகக் கீழே வெட்டுங்கள்.

இனிதான் ரசித்துச் செய்யும் வேலை. துணிகளை இரண்டரை இஞ்ச் அகலப் பட்டைகளாக வெட்டியிருக்கிறேன். முதுகின் நடுவில் முதல் பட்டை, நல்ல பக்கம் மேலே. அதன்மேல் இரண்டாவது பட்டை, நல்ல பக்கம் கீழே. ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, கால் இஞ்ச் உள்ளே தள்ளி, ஸ்வெட்ஷர்ட்டோடு சேர்த்தே தையல். இப்போது இரண்டாவதைத் திருப்பி இஸ்திரி போடுகிறேன், பாருங்கள், தையல் உள்ளே மறைந்துவிட்டது. இப்படியே நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி உப்பிக்கொள்ளும். தையல் நீளம் 3 மில்லிமீட்டர், ஊசி 90ஆம் நம்பர். வாக்கிங் ஃபுட், அதாவது மெஷினின் சாதாரணப் பாதத்துக்குப் பதிலாக மாட்டும் பாதம், இருந்தால் கட்டாயம் மாட்டுங்கள், மேல் துணியும் கீழ்த் துணியும் ஒன்றாக நகரும். மெஷினுக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன், தெரிகிறதா? துணி தொங்கினால் அதன் எடையே இழுத்துவிடும்.

இரண்டு முன்பக்கங்களையும் மாற்றி மாற்றித் தையுங்கள். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றுக்குப் போனால் நீளம் ஒத்துவராது.

அப்புறம் கை நுனியிலிருந்து இடுப்பு வரை ஒரே ஓட்டமாகப் பக்கத்தை மூடி, ஓரங்களுக்குப் பட்டி வைத்துவிடலாம். கழுத்துக்கு மட்டும் கிராஸாக, அதாவது மூலைவாட்டில் வெட்டிய துணி, அதுதான் வளைவில் படியும்.

இதோ, போட்டுக் காட்டுகிறேன். இப்போது கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. இரண்டு தடவை துவைத்தால் இளகிவிடும்.