தூசிக்கு அடியில் ஒரு குழி

எல்லோருக்கும் வணக்கம். தூசி துடைக்கப் போனவர்களின் கதையிலிருந்து தொடங்குகிறேன். சிலிக்கான் தகட்டில் ஒட்டியிருக்கும் நுண்துகள்களை லேசர் துடிப்பால் உதறிவிட முடியுமா என்று 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சோதித்துப் பார்த்தார்கள். துகள் போய்விட்டது. ஆனால் அது உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு குழி! பக்கத்துத் துகளுக்கு அடியிலும் அப்படியே. அளந்தால், அந்த லேசரின் அலைநீளத்தைவிடச் சின்னக் குழிகள். தூசி என்று துடைக்கப் போன உருண்டை, தன்மேல் விழுந்த ஒளியைத் தன் காலடியில் குவித்திருக்கிறது.

இதில் என்ன விசேஷம்? காற்றில் ஒரு லென்ஸ் ஒளியை ஏறக்குறைய அரை அலைநீளத்துக்குக் கீழே ஒடுக்காது என்பது 1873-இல் எர்ன்ஸ்ட் அபே போட்ட கணக்கு. 550 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு அது 275. ஆனால் பொருளின் பரப்பை ஒட்டியே இருந்து, கொஞ்சம் விலகினாலும் மங்கிவிடும் அலைகளும் உண்டு. அவற்றைப் பிடிக்க மிக நெருங்கிப் போக வேண்டும். 1928-இல் எட்வர்ட் சிங் (Synge) என்ற அயர்லாந்துக்காரர் சொன்ன வழி, ஒளிபுகாத திரையில் மிகச் சிறிய துளை. நல்ல யோசனைதான், ஆனால் துளை சிறுக்கச் சிறுக்க ஒளியும் வற்றிவிடும். உருண்டையில் அந்தத் தொல்லை குறைவு. தன்மேல் விழுவதில் பெரும்பகுதியைக் கீழே சேர்த்துவிடும். இந்த ஒளிக்கீற்றுக்கு 2004-இல் 'ஒளி நானோதாரை' என்று பெயர் வைத்தார்கள்.

அப்படியானால் அபே தோற்றுவிட்டாரா? அப்படிச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். தாரையின் அகலம் பெரும்பாலும் அலைநீளத்தில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை. அதுவும் உருண்டையை ஒட்டிய இடத்தில்தான். கண்ணாடி உருண்டை வழியாக 50 நானோமீட்டர் நுணுக்கம் வரை பார்த்ததாக 2011-இல் வந்த அறிக்கை பெரிய விவாதத்தைக் கிளப்பியது.

எனக்குப் பிடித்தது இதன் சிக்கனம். எலக்ட்ரான் கற்றையால் நுண்லென்ஸ் செதுக்க விலையுயர்ந்த இயந்திரமும் வெற்றிடமும் வேண்டும். உருண்டையை யாரும் செதுக்குவதில்லை. திரவத்துக்குள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் வளரும்போது பரப்பு இழுவிசையே அதை உருட்டிக் கொடுத்துவிடுகிறது. கண்ணாடி இழையைத் தீயில் உருக்கினால் நுனியில் மணி திரளும் என்று ராபர்ட் ஹூக் 1665-இலேயே எழுதிய வித்தைதான், உருவம் மட்டும் சுருங்கியிருக்கிறது.

அப்புறம் அடுக்குவது. உருண்டைகள் மிதக்கும் நீரில் ஒரு சொட்டைத் தகட்டில் விட்டால், நீர் ஆவியாகும்போது அவை ஒன்றையொன்று இழுத்துத் தேன்கூடுபோல் நெருங்கி நிற்கும். பிறகு ஒரே லேசர் துடிப்பில் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழி, லட்சக்கணக்கில்.

தகராறு காய்வதில்தான். அவசரப்பட்டால், சிந்திய காப்பி காய்ந்து விளிம்பில் கறை கட்டுவதுபோல உருண்டைகள் ஓரத்தில் குவிந்துவிடும், நடுவில் விரிசல் விழும். அதனால் தகட்டைச் சற்றே சாய்த்து வைத்து, மேலே ஒரு மூடியைக் கவிழ்த்துவிட்டுக் காத்திருப்பார்கள்.