சங்குப்பூவுல சட்னி ஊத்தலாம்: பூவப் பாத்து கிண்ணம் டிசைன் பண்ணுவோம்

வணக்கம் மக்களே, காரைக்குடிலேருந்து பேசுறேன். இப்ப நீங்க பாக்குறது எங்க அப்பத்தா வீட்டுப் பின்கட்டு, வேலியில நீலமா படந்து கெடக்கு பாருங்க, சங்குப்பூ, இத வச்சுதான் இன்னைக்கு ஒரு சட்னிக் கிண்ணம் டிசைன் பண்ணப் போறோம்.

பூ டிசைன்னாலே தட்டுல பூ படம் வரையிறதுன்னுதான் நிறைய பேரு நெனைக்கிறாங்க. அதுவும் பெரிய கலைதான், டென்மார்க்ல 1790ல ஃப்ளோரா டானிகான்னு ஒரு டின்னர் செட் ஆரம்பிச்சாங்க, அந்த நாட்டு செடிகொடிய தாவரவியல் புத்தகத்துப் படத்தப் பாத்துப் பாத்து பீங்கான்ல கையாலயே வரைஞ்சாங்க, 1802 வரைக்கும் வேல நடந்துச்சு. ஆனா எனக்கு ஆச வேற. பூவோட படம் வேணாம், அந்தப் பூவு எப்படி மடிஞ்சு விரிஞ்சு நிக்குதோ அது வேணும்.

(பூவ கேமராகிட்ட காட்டுறேன்) இதக் கொஞ்சம் உத்துப் பாருங்க. அவரை, பயறு குடும்பத்துப் பூவுல பெரிய இதழ் ஒன்னு பின்னால மேல தூக்கிக்கிட்டு நிக்கும். சங்குப்பூ அதே குடும்பந்தான், ஆனா தலகீழா திரும்பி அந்தப் பெரிய இதழ கீழ விரிச்சு வச்சிருக்கு. அகலமான வாயி, காம்புப் பக்கம் போகப் போக குறுகல், அந்தக் குறுகல இழுத்துவிட்டா ஊத்துற மூக்கு ரெடி. உள்ள வெள்ள, ஓரத்துல நீலம். வெள்ளப் பணியாரத்துக்கு வைக்கிற மொளகா சட்னிய அந்த வெள்ளையில ஊத்தி நெனச்சுப் பாருங்களேன், செவப்பு எப்படி எடுத்துக் காட்டும்!

நந்தியாவட்டையும் நல்லாருக்கும், அஞ்சு இதழும் காத்தாடி மாதிரி ஒரே பக்கமா திரும்பியிருக்கு, அந்தத் திருப்பத்தையே தட்டுல தடுப்பா வச்சுக்கலாம்.

செம்பருத்தியிலதான் நான் ரொம்ப கஷ்டப்பட்டேன். நெசப் பூ மாதிரியே ஓரத்த மெல்லிசா இழுத்தேன், நாலு தடவ கழுவுறதுக்குள்ள அங்கங்க பேந்துருச்சு, நடுத்தண்டுல வச்ச மகரந்த முடிச்சுல சட்னி போய் ஒட்டிக்கிட்டு வரவே இல்ல. அதனால ஓரத்த கொஞ்சம் தடிமனா உருட்டி முடிங்க, வெரல் போகாத சந்து எங்கயும் வேணாம். இதழ் உள்பக்கமா மடிஞ்சிருந்தா, களிமண்ணுக்கு வடிவம் குடுக்குற பிளாஸ்டர் அச்சுலேருந்து கிண்ணம் வெளிய வராது, அச்ச ரெண்டு மூணு துண்டா பண்ணணும். களிமண்ணு காஞ்சு சூளையில வெந்து முடிக்கிறதுக்குள்ள சுமாரா 10 சதவீதம் சுருங்கிரும், அதுக்கும் சேத்துப் பெருசா வரையுங்க.

எவ்வளவு விவரம் வைக்கிறதுன்னு தெரியலன்னா கீழ தரையப் பாருங்க. இது ஆத்தங்குடி டைல்ஸு, ஆத்தங்குடிக்காரங்க கண்ணாடி மேல தகடு அச்ச வச்சு, கட்டத்துக்கு ஒரு கலரா சிமெண்ட் கலவைய ஊத்துறாங்க. நரம்பு இல்ல, நிழல் இல்ல, நாலஞ்சு கட்டந்தான், ஆனா வீட்டுக்குள்ள நொழஞ்சதும் பூன்னு கண்ணுக்குத் தெரிஞ்சுருது. உங்க கிண்ணத்தையும் மொதல்ல அந்த அளவுக்கு கொறைச்சு வரைஞ்சு பாருங்க.

பூவ காலையிலயே பறிச்சு வரைய ஒக்காந்துருங்க, சங்குப்பூ ஒரு நாள்தான், அப்புறம் சுருண்டுரும்.